நாற்பது அலையும் ஒரு பாசிக்கல்லும்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். ஈரமான கதை, மடியில் இருக்கிற நல்ல துணியை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தீவில் ஆண்டவர் விண்ணேறிய திருநாளன்றுதான் வருஷத்தின் முதல் கடல் குளியல். அன்று நாற்பது அலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீர் பிடிக்க வேண்டும். கடலுக்கடியிலிருந்து பச்சைப் பாசி முளைத்த கல் ஒன்றை வீட்டுக்காரன் தன் கையால் எடுத்துவந்து கட்டிலுக்கடியில் வைக்க வேண்டும். வைத்தால் அந்த வருஷம் வீடு நன்றாயிருக்கும். ஆனால் போன அக்டோபரில் பந்தெலிஸின் படகு மூழ்கியது. மீன்பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் மிதந்து பிழைத்த மனுஷன், அதற்கப்புறம் கடலில் கால் நனைத்ததாக ஊரில் யாரும் பார்க்கவில்லை. கல்லை யார் எடுப்பது? அவன் பெண்டாட்டி அர்கிரோ அன்று காலை அவனைத் தெற்கு முனைக்குப் பின்னாலுள்ள கூழாங்கல் கரைக்கு இழுத்துவந்தாள். அவள் மனதில் என்ன இருந்தது என்பதை அவளே கடைசியில் சொல்வாள். நான் குறுக்கே வரமாட்டேன், கேளுங்கள்.

பந்தெலிஸ்: இதுவும் அலைக் கணக்குல சேருமா? கொட்டாவி விட்ட மாதிரி இருந்துச்சு.

அர்கிரோ: சேரும். ரெண்டு ஆச்சு. பாட்டில் மூடியைத் தொலைச்சிடாதே.

பந்தெலிஸ்: மூடி சட்டைப் பையில பத்திரமா இருக்கு. ரெண்டுதானா? நாம வந்து அரைமணி நேரம் ஆச்சுடி!

அர்கிரோ: என்ன அவசரம் உனக்கு? காபிக்கடையில சீட்டுக்கட்டு அழுதுக்கிட்டிருக்கா?

பந்தெலிஸ்: அதுக்கில்லை... வடக்குக் கரைக்குப் போயிருந்தா ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே நாற்பது அலை வந்து விழுந்திருக்கும். ஊர் பூரா அங்கேதான் போயிருக்கு. நீ மட்டும் என்னை ஆட்டுப் பாதையில ஒரு மணி நேரம் இறக்கி, எண்ணெய் மாதிரி கிடக்கிற இந்தத் துறைக்குக் கூட்டிட்டு வந்திருக்கே. இங்கே கடல் என்னைக்கு அசைஞ்சிருக்கு?

அர்கிரோ: ஊர் பூரா அங்கே இருக்குன்னுதான் இங்கே வந்தேன். பாதிரியார் பெண்டாட்டி முதற்கொண்டு குளியல் உடுப்போட நிப்பாங்க. "என்ன பந்தெலிஸ், இன்னும் கரையிலேயா"ன்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்பாங்க. கேட்கணுமா?

பந்தெலிஸ்: கேட்டா என்ன? முட்டி வலின்னு சொல்றேன்.

அர்கிரோ: ரெண்டு முட்டியுமா?

பந்தெலிஸ்: ரெண்டும்தான்.

அர்கிரோ: அக்டோபர்லேருந்து.

பந்தெலிஸ்: ...அக்டோபர்லேருந்து. அதோ, அங்கே ஒண்ணு வருது! பிடி பிடி!

அர்கிரோ: எங்கே? ...ஐய, அது மீன் குதிச்சது!

பந்தெலிஸ்: மீன் போட்ட அலையும் அலைதான்.

அர்கிரோ: சரி, திருநாளும் அதுவுமா மீனோட எதுக்கு வம்பு. மூணு.

பந்தெலிஸ்: இப்படியே போனா அடுத்த திருநாளுக்கு இங்கேருந்தே கிளம்பலாம்.

அர்கிரோ: கொஞ்சம் பேசாம இரு... கேட்குதா?

பந்தெலிஸ்: என்ன?

அர்கிரோ: கல்லு. தண்ணி திரும்பும்போது ஒண்ணுக்கொண்ணு உரசிக்கிட்டுப் போகுதே... வறுத்த கடலையைக் கூடையில கொட்டின மாதிரி.

பந்தெலிஸ்: கடலை இல்லை. எங்கப்பா கையில ஒரு மணிமாலையை உருட்டிக்கிட்டே இருப்பாரே, ஏதோ யோசனையில... அந்தச் சத்தம்.

அர்கிரோ: அடேயப்பா! காலையிலேருந்து உம்முனு வந்தவன் பாட்டு கட்டுறானே!

பந்தெலிஸ்: கேட்டே, சொன்னேன்.

அர்கிரோ: இன்னும் சொல்லு. தண்ணியைப் பாரு. அடியில கிடக்கிற கல்லுக்குக்கூட நிழல் தெரியுது. அந்தப் பொடி மீனைப் பாரேன், தன் நிழலைத் தானே துரத்துது.

பந்தெலிஸ்: பார்த்தேன்.

அர்கிரோ: புறா முட்டை மாதிரி வெள்ளைக் கல்லு. அதுக்கு நடுவுல கறுப்பு. அதோ அந்தச் சிவப்புல ஒரு வெள்ளை வரி, மோதிரம் போட்ட மாதிரி... யாரு உட்கார்ந்து இழைச்சிருப்பா இதையெல்லாம்?

பந்தெலிஸ்: யாரு, அதுதான். அசையாத மாதிரி கிடக்குதே, அதுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவல்.

அர்கிரோ: குத்தம் சொல்ல ஏதாச்சும் இருக்கா இங்கே?

பந்தெலிஸ்: ஒண்ணுமில்லை. அதான் எனக்குக் கோபம்.

அர்கிரோ: இதுல என்ன கோபம்?

பந்தெலிஸ்: அசிங்கமா இருந்தா "சீ, போ"ன்னு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு மணி நேரம் என்னைப் புரட்டிப் புரட்டி எடுத்துட்டு, இப்போ ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி காலடியில வந்து படுத்துக்கிட்டு... இவ்வளவு அழகா இருந்தா எப்படிடி திட்டுறது?

அர்கிரோ: திட்டாதே. கால் மட்டும் நனை.

பந்தெலிஸ்: முட்டி...

அர்கிரோ: கால்னுதான் சொன்னேன். முட்டின்னு சொல்லலையே.

பந்தெலிஸ்: அலையைப் பாரு. நாலு போயிடப்போகுது.

அர்கிரோ: போகலை, பிடிச்சுட்டேன். நாலு. பையிலேருந்து பழைய கல்லை எடு. துண்டுல சுத்தி வச்சிருக்கேன்.

பந்தெலிஸ்: இதுவா? போன வருஷம் நான் எடுத்தப்போ பச்சைப் பசேல்னு தலைமுடி தொங்கிச்சே!

அர்கிரோ: ஒரு வருஷம் நம்ம கட்டிலுக்கடியில கிடந்துச்சுல்ல. உன்னை மாதிரியே வழுக்கையாயிடுச்சு.

பந்தெலிஸ்: உன் குறட்டையைக் கேட்டுக் கொட்டியிருக்கும்.

அர்கிரோ: நானா? நானா குறட்டை விடுறேன்?

பந்தெலிஸ்: எத்தனை தடவை காத்து கிளம்பிடுச்சுன்னு பதறி எழுந்து படகைக் கட்ட ஓடியிருக்கேன்... இப்போ கட்டுறதுக்குப் படகு இல்லை.

அர்கிரோ: இந்தக் கல்லு கட்டிலுக்கடியில இருந்ததாலதான் நீ வீட்டுக்கு வந்தே.

பந்தெலிஸ்: இருந்தும்தானே படகு போச்சு?

அர்கிரோ: படகுக்கா கல்லு வைக்கிறோம்? வீட்டுக்கு வைக்கிறோம். வீட்டு ஆளு திரும்பி வந்தானா இல்லையா?

பந்தெலிஸ்: வந்தான்.

அர்கிரோ: அவ்வளவுதான் எனக்கு. எடுத்தவன் கையாலதான் பழசைத் திரும்பப் போடணும், அவன் கையாலதான் புதுசை எடுக்கணும். உங்கம்மா வீட்டு வழக்கம், நான் கண்டுபிடிச்சதில்லை.

பந்தெலிஸ்: நீ எடுத்துட்டு வாயேன். அலையை நான் எண்ணுறேன்.

அர்கிரோ: பாசிக்கல்லு கிடக்கிறது கறுப்புப் பாறைக்குக் கீழே, இடுப்பளவுல. எனக்கு என்னைக்கு நீந்தத் தெரிஞ்சுது? இந்தத் தீவுலயே பிறந்து, அறுபத்திரண்டு வருஷமா பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓரத்துல நிக்கிறவ நான்.

பந்தெலிஸ்: அப்போ இந்த வருஷம் விட்டுடலாம்.

அர்கிரோ: விட்டா அடுத்த வருஷமும் விடுவே. ஜனவரித் திருநாளுக்குப் பாதிரியார் கடல்ல சிலுவையை எறிஞ்சப்போ, அதை எடுக்கக் குதிக்காம விட்டே. நாற்பது வருஷமா முதல் ஆளா குதிச்சவன், கூட்டத்துக்குப் பின்னால நின்னு மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டிருந்தே. உன் தங்கச்சி மகன் சிதெரிஸ் புதுப் படகுக்கு உன்னைக் கூப்பிடுறான். அவன்கிட்டயும் முட்டிங்கிறே. கட்டிலுக்கடியும் இந்த வருஷம் வெறுமையா கிடந்தா... அப்புறம் எதைப் பிடிச்சு உன்னை எழுப்புறது நான்?

பந்தெலிஸ்: ...அஞ்சு. பிடி.

அர்கிரோ: பிடிச்சேன்.

பந்தெலிஸ்: வார்த்தையில அடிக்கிறதுக்கு உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அர்கிரோ: பால்சோறு கொண்டாந்திருக்கேன். பட்டைப்பொடி நிறையத் தூவி. அடிச்ச இடத்துல தடவிக்கோ.

பந்தெலிஸ்: குடு... ம். இதுக்கும் குத்தம் சொல்ல முடியலை. இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து என் வாயை அடைக்கிறீங்க.

அர்கிரோ: தின்னுக்கிட்டே அங்கே பாரு. அந்தச் சின்னப் பாறைக்கடியில. யாரோ வெள்ளைக் கல்லாப் பொறுக்கி வரிசையா அடுக்கியிருக்காங்க!

பந்தெலிஸ்: எங்கே? ஓ, அதுவா... சின்னப் பசங்க விளையாட்டு.

அர்கிரோ: இந்த ஆட்டுப் பாதையில எந்தப் பசங்க இறங்கி வருவாங்க?

பந்தெலிஸ்: வெளியூர்க்காரங்க வந்திருப்பாங்க. அவங்களுக்குக் கல்லைக் கண்டா கை சும்மா இருக்காது.

அர்கிரோ: அதுவும் சரிதான். எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்காங்க பாரேன்.

பந்தெலிஸ்: முன்னே அந்தப் பக்கம் ஒரு பெரிய மரக்கட்டை ஒதுங்கிக் கிடந்துச்சு. மார்ச் மாசக் காத்துல அதையும் கடல் இழுத்துட்டுப் போயிடுச்சு. இல்லைன்னா அதுல உட்காரலாம்.

அர்கிரோ: மார்ச் மாசமா?

பந்தெலிஸ்: ஆமா.

அர்கிரோ: இந்தப் பக்கமே வந்து ஒரு வருஷம் ஆச்சுன்னு பாதையில சொன்னியே?

பந்தெலிஸ்: ...யாரோ சொன்னாங்க. காபிக்கடையில.

அர்கிரோ: மரக்கட்டையைப் பத்தியா? நல்ல கடை.

பந்தெலிஸ்: நீ என்னை விசாரிக்கிறதை விட்டுட்டு அந்த லேஸ் கதையைச் சொல்லு. அஞ்சு மாசமா செவ்வாயும் வெள்ளியும் ஆசிரியை தனாயி வீட்டுக்கு லேஸ் பின்னப் போறே. மேசைவிரிப்புன்னே. இதுவரைக்கும் ஒரு கைக்குட்டை அளவுகூட நான் பார்க்கலை. தும்மல்தான் பார்த்தேன்.

அர்கிரோ: கஷ்டமான பின்னல் அது. நீ மட்டும்? தினம் விடியக்காலையில கீரை பறிக்கப் போறேன்னு கிளம்புறே. அஞ்சு மாசத்துல ஒரு சட்டி நிறையக் கீரை வந்திருக்கா?

பந்தெலிஸ்: இந்த வருஷம் கீரை குறைவு.

அர்கிரோ: லேஸ் நூலும் குறைவு.

யக்குமிஸ்: ஓய்! கீழே யாரு? கேப்டனா?

அர்கிரோ: மாதாவே, ஆட்டுக்கார யக்குமிஸ்! மேலே பாதையில நிக்கிறான் பாரு.

யக்குமிஸ்: திருநாள் வாழ்த்து! பால் வேணுமா? திருநாளன்னைக்குப் பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி போடக் கூடாது, கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா குடுக்கிறேன்!

அர்கிரோ: வேண்டாம்ப்பா, பால்சோறே கொண்டாந்துட்டோம்! நல்லாயிரு!

யக்குமிஸ்: அதென்ன இன்னைக்கு இவ்வளவு நேரங்கழிச்சு? வழக்கமா நான் ஆட்டை அவிழ்க்கிறதுக்குள்ளே...

பந்தெலிஸ்: யக்குமிஸ்! உன் ஆடு பள்ளத்துல இறங்குது பாரு!

யக்குமிஸ்: எங்கே? எல்லாம் இங்கேதானே நிக்குது. நான் சொல்ல வந்தது, தினமும் ஒருத்தர் கீழே, ஒருத்தர்...

அர்கிரோ: யக்குமிஸ்! அந்தக் கறுப்பு ஆடு! அந்தப் பக்கம் ஓடுது! போ போ!

யக்குமிஸ்: என்கிட்ட கறுப்பே கிடையாதே அர்கிரோ... சரி சரி. ரெண்டு பேருக்கும் வெயில் ஏறிடுச்சு போல. அடுத்த வருஷமும் இப்படியே சேர்ந்து வாங்க!

பந்தெலிஸ்: நீயும் நல்லாயிருப்பா! ...என்னமோ உளர்றான்.

அர்கிரோ: தனியா ஆட்டோட பேசிப் பேசி அப்படி ஆயிடுச்சு.

பந்தெலிஸ்: கறுப்பு ஆட்டை எங்கேடி பார்த்தே?

அர்கிரோ: நீ பள்ளத்துல பார்த்த ஆட்டுக்குப் பக்கத்துல.

பந்தெலிஸ்: ...அங்கே பாரு! முனையைத் தாண்டி கப்பல் வருது! நேரத்துக்கு வந்துட்டான் மகராசன்!

அர்கிரோ: ஐயோ, பாட்டில்! பாட்டில் எங்கே?

பந்தெலிஸ்: உன் கையில!

அர்கிரோ: கப்பல் போட்ட அலை ஆண்டவர் கணக்குல சேருமா?

பந்தெலிஸ்: மீனைச் சேர்த்துக்கிட்டியே, கப்பல்ல அத்தனை சனங்க இருக்காங்க! வருது பாரு, வருது... ஆறு! ஏழு! கொஞ்சம் கொஞ்சமாப் பிடி, ஒரே அலையில நிரப்பிடாதே!

அர்கிரோ: எட்டு... ஒம்போது... கல்லெல்லாம் என்னமாச் சிரிக்குது பந்தெலிஸ்!

பந்தெலிஸ்: பதிமூணு! பதினாலு! பாவாடை நனையுது பாரு!

அர்கிரோ: நனையட்டும்! இருபது!

பந்தெலிஸ்: நடுவுல அஞ்சு எங்கே போச்சு?

அர்கிரோ: நீ கத்தினப்போ வந்துச்சு!

பந்தெலிஸ்: முப்பது... முப்பத்தொண்ணு... குறையுது, குறையுது...

அர்கிரோ: முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... இன்னும் ஒண்ணே ஒண்ணு.

பந்தெலிஸ்: நின்னுடுச்சு. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு பாரு.

அர்கிரோ: வரும்.

பந்தெலிஸ்: எங்கேருந்து வரும்? அடுத்த கப்பல் சனிக்கிழமை.

அர்கிரோ: அப்போ அதுவரைக்கும் சும்மா இருப்பானேன். பழைய கல்லைக் குடு. நானே போட்டுட்டு வந்துடுறேன்.

பந்தெலிஸ்: எடுத்தவன் கைதான் போடணும்னே?

அர்கிரோ: எடுத்தவன் கை சட்டைப் பையில மூடியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. கல்லு எத்தனை நேரம் காத்திருக்கும்? கறுப்புப் பாறைக்கிட்டதானே எடுத்தே?

பந்தெலிஸ்: அதுக்கும் கொஞ்சம் அந்தாண்டை... நீ போகாதே. இங்கேயே ஓரத்துல போட்டுடு.

அர்கிரோ: ஓரத்துல போட்டா அது பிச்சை போட்ட மாதிரி. எடுத்த இடத்துல வைக்கிறதுதான் மரியாதை.

பந்தெலிஸ்: அர்கிரோ... சரி, முழங்காலோட நில்லு. அங்கேருந்து வீசு.

அர்கிரோ: ஆஹா... சில்லுனு இருக்கு! இடுப்புக்கு வந்துடுச்சு, இன்னும் என் கால் நகம் தெரியுது பந்தெலிஸ்! ஒவ்வொரு நகமும்!

பந்தெலிஸ்: நில்லுன்னேன்! பாறைக்கு அந்தாண்டை தரை ஒரேயடியா இறங்கும்! ரெண்டு ஆள் ஆழம்!

அர்கிரோ: எங்கே, இங்கேயா?

பந்தெலிஸ்: இன்னும் ரெண்டு அடி... வேண்டாம்! திரும்பு! கல்லைப் போட்டுட்டுத் திரும்பு! அர்கிரோ! ...அர்கிரோ? ...அர்கிரோ!

அர்கிரோ: ...

பந்தெலிஸ்: மாதாவே... வர்றேன்! வந்துட்டேன்டி! கையைத் தூக்கு! தலை எங்கே, உன் தலை எங்கே...

அர்கிரோ: இங்கே.

பந்தெலிஸ்: என் கழுத்தைப் பிடி! பிடிச்சுக்கோ! பயப்படாதே, நான் இருக்கேன், உடம்பைத் தளர்த்து...

அர்கிரோ: தளர்த்தித்தான் இருக்கேன்.

பந்தெலிஸ்: பேசாதே, தண்ணி உள்ளே போயிடும்!

அர்கிரோ: பந்தெலிஸ்.

பந்தெலிஸ்: பேசாதேன்னு...

அர்கிரோ: கையை விடு. விட்டுட்டுப் பாரு.

பந்தெலிஸ்: விட்டா போயிடுவே!

அர்கிரோ: போகமாட்டேன். விடு.

பந்தெலிஸ்: ...விட்டுட்டேன்.

அர்கிரோ: போயிட்டேனா?

பந்தெலிஸ்: நீ... மிதக்கிறே.

அர்கிரோ: நீயும்தான்.

பந்தெலிஸ்: நான்...

அர்கிரோ: சட்டை, செருப்பு, பையில மூடி, எல்லாத்தோடவும்.

பந்தெலிஸ்: ...காலுக்கடியில தரை இல்லை அர்கிரோ.

அர்கிரோ: இல்லை. கீழே பாரு. மெதுவாப் பாரு. நம்ம ரெண்டு பேர் நிழலும் கல்லு மேலே எப்படிப் போகுது பாரு... பக்கத்துல பக்கத்துல.

பந்தெலிஸ்: ...அட.

அர்கிரோ: அழறியா?

பந்தெலிஸ்: கடல் தண்ணி.

அர்கிரோ: கடல் தண்ணி கண்ணுக்குள்ளேருந்து வருமா?

பந்தெலிஸ்: அடிப்பாவி! ஒரு நிமிஷம் என் உயிரே நின்னுபோச்சு! ஏமாத்துக்காரி!

அர்கிரோ: சத்தியமா ஏமாத்தலை. இடுப்பளவோட நின்னு போட்டுட்டுத் திரும்பணும்னுதான் போனேன். கல்லை விட்டேன், கல்லோட நானும் சறுக்கிட்டேன். மன்னிச்சுக்கோ... ஆனா எவ்வளவு வேகமா வந்தே நீ! முட்டி ரெண்டும் எங்கே போச்சு?

பந்தெலிஸ்: முட்டியைப் பத்திப் பேசினா உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்.

அர்கிரோ: போ. நானே வந்துக்குவேன்.

பந்தெலிஸ்: அதைத்தான் கேட்கிறேன். நீ எப்படி... சரி, அப்புறம். முதல்ல அந்தக் கல்லு. கீழே ஒண்ணு தெரியுது, நல்ல முடியோட. இரு.

அர்கிரோ: வேண்டாம், ஆழமில்லாத இடத்துல... பந்தெலிஸ்? ...ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏ மனுஷா... ஏழு, எட்டு... போதும், வேற கல்லு பார்த்துக்கலாம்... பந்தெலிஸ்!

பந்தெலிஸ்: ப்பூ...! இந்தா! முடியைப் பாரு! கல்யாணத்தன்னைக்கு உனக்கு இருந்துச்சே, அவ்வளவு!

அர்கிரோ: எவ்வளவு நேரம் உள்ளேயே இருப்பே! எனக்குக் கை காலெல்லாம்...

பந்தெலிஸ்: இப்போ தெரியுதா கரையில நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு?

அர்கிரோ: ...தெரியும். வா, கரைக்குப் போகலாம். மெதுவா. அவசரமில்லை.

பந்தெலிஸ்: எனக்கும் அவசரமில்லை.

அர்கிரோ: ...செருப்பைக் கழட்டி வெயில்ல வை. உட்காரு. கல்லு சூடா இருக்கு, முதுகை நல்லாச் சாய்ச்சுக்கோ.

பந்தெலிஸ்: நாற்பதாவது அலை?

அர்கிரோ: நீ குதிச்சப்போ ஒண்ணு போட்டியே, பாதித் தீவு நனைஞ்சிருக்கும். அதுதான் நாற்பது. ஆனா பிடிக்கத்தான் கரையில ஆள் இல்லை.

பந்தெலிஸ்: அப்போ மறுபடி குதிக்கணுமா?

அர்கிரோ: குதிப்பியா?

பந்தெலிஸ்: பாட்டிலோட ஓரத்துல உட்காரு. இந்தா வர்றேன்...

அர்கிரோ: ஐயோ, மெதுவா! முகமெல்லாம் அடிக்குது! ...போதும் போதும், நிறைஞ்சுடுச்சு! நாற்பது!

பந்தெலிஸ்: மூடியைப் போடு. இந்தா. சிதெரிஸ்கிட்ட நானே சொல்லிக்கிறேன், முட்டி சரியாயிடுச்சுன்னு. நீ முந்திக்காதே.

அர்கிரோ: நான் எதுக்குச் சொல்லப்போறேன்.

பந்தெலிஸ்: இப்போ சொல்லு. தனாயிதானே? குளிர்காலத்துலயும் கடல்ல குளிக்கிற கூட்டத்துல அவளும் உண்டே. லேஸும் இல்லை, மேசைவிரிப்பும் இல்லை.

அர்கிரோ: ஒரு வாரம் மிதக்கவே கத்துக்குடுத்தா. "அர்கிரோ, நீ கல்லு மாதிரி போறே"ன்னு சிரிப்பா.

பந்தெலிஸ்: இந்த வயசுல, ஜனவரித் தண்ணியில, என்ன அவசியம் உனக்கு?

அர்கிரோ: அப்புறம் சொல்றேன்.

பந்தெலிஸ்: ...நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. அந்த வெள்ளைக் கல்லு வரிசை... அது வெளியூர்க்காரங்க வச்சதில்லை.

அர்கிரோ: அப்படியா?

பந்தெலிஸ்: நான்தான். கீரை பறிக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்கேதான் வந்தேன். ஜனவரியில சிலுவை எறிஞ்ச திருநாளுக்கு அடுத்த வாரத்துலேருந்து, காத்து இல்லாத நாளெல்லாம். வந்ததுக்கு ஒரு கல்லு. முதல் மாசம் ஓரத்துல நின்னுட்டுத் திரும்பிடுவேன். அப்புறம் கணுக்கால். ஈஸ்டர் வந்தப்போ முழங்கால். அதுக்கு மேலே ஒரு விரல்கூட ஏறலை. ஒவ்வொரு நாளும் தோத்துட்டுப் போறதை நீ பார்க்கக் கூடாதுன்னுதான் மறைச்சேன். இவ்வளவு அமைதியான கடலைப் பார்த்து ஒருத்தன் நடுங்கிக்கிட்டு நிக்கிறதை... நீ மட்டும் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன்.

அர்கிரோ: எழுபத்து மூணு கல்லு.

பந்தெலிஸ்: அதுக்குள்ளே எண்ணிட்டியா? நீ அந்தப் பாறைப் பக்கமே போகலையே!

அர்கிரோ: போகத் தேவையில்லை. மேலே, பாதை திரும்புற இடத்துல, புதருக்குப் பின்னால ஒரு பாறை இருக்குல்ல? திரும்பும்போது அங்கே எட்டிப் பாரு. கறுப்புக் கல்லு எழுபத்து மூணு வரிசையா இருக்கும். உனக்குத் தெரியாம பின்னாலேயே வந்து, நீ ஒண்ணு வைக்கும்போதெல்லாம் அங்கே ஒளிஞ்சு நின்னு நானும் ஒண்ணு வச்சேன். முதல் நாள் நீ ஓரத்துல நின்னு நடுங்கினப்போ, இவன் விழுந்துட்டா எனக்குத் தூக்கத் தெரியாதேன்னு நினைச்சேன். ரெண்டாவது கல்லு வைக்கிறதுக்கு முன்னாலேயே தனாயி வீட்டுக் கதவைத் தட்டிட்டேன்.

கேட்டீர்களா கண்ணுகளா? உங்கள் வீட்டிலிருந்து தண்ணீருக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஈரக்காலோடு வாசலுக்குத் திரும்பி வரட்டும். அவர்கள் நடுங்கும்போது பாறைக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண் விழித்திருக்கட்டும். உங்கள் கட்டிலுக்கடியில் கல் பச்சையாகவே இருக்கட்டும்.